தினம் மூணு விரல் தண்ணி

தோன்கா: ...என்ன நிறம்னு கேட்டேன். அந்தக் கண்ணாடிக் குழாய வெயில்ல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரந்தான் பாப்ப?

ஃப்ரானே: இரு, இரு... மஞ்சள் வரணும். வருது வருதுன்னு பாக்கறேன்... வரல.

தோன்கா: அப்ப குளோரின் இல்ல.

ஃப்ரானே: இல்லன்னு ஒரேயடியா சொல்லிட முடியாது. கூச்சப்பட்டுக்கிட்டு உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு.

தோன்கா: குளத்தப் பாரு மனுசா. கீரை வேகவெச்ச தண்ணி மாதிரி இருக்கு.

ஃப்ரானே: பச்சைன்னா கண்ணுக்குக் குளிர்ச்சி.

தோன்கா: அத சனிக்கிழமை காலைப் படகுல வர்ற ஆஸ்திரியாக்காரங்ககிட்ட சொல்லு. ஆறு பேரு. ரெண்டு வாரம். மாடி வீட்ட அவங்க எடுத்ததே இந்தக் குளத்துக்காகத்தான். இன்னிக்கு வியாழன்.

ஃப்ரானே: தெரியும்.

தோன்கா: ஆகஸ்டு மாசத்துல இந்த ஒரு கூட்டந்தான் மிச்சம். இவங்களும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போனாங்கன்னா அடுத்த வருசம் மாடியில நாம ரெண்டு பேரும் கண்ணாமூச்சி விளையாட வேண்டியதுதான்.

ஃப்ரானே: என் முழங்காலுக்கு அது கூட ஆகாது.

தோன்கா: சிரிக்காத. போன மாசம் போனாளே போலந்துக்காரி, என்ன எழுதினா ஞாபகம் இருக்கா?

ஃப்ரானே: வீட்டம்மா நல்லவங்கன்னு...

தோன்கா: அதுக்கு அடுத்த வரி.

ஃப்ரானே: ...குளத்துல இறங்கினா சாலட்டுக்குள்ள இறங்கின மாதிரி இருந்துச்சுன்னு.

தோன்கா: ஏன் அப்படி இருந்துச்சு?

ஃப்ரானே: காரம் கூடிப்போச்சு, கொஞ்சம் அமிலம் விடணும்னு புத்தகத்துல போட்டிருந்தது. வினிகரும் அமிலந்தானேன்னு...

தோன்கா: நாப்பதாயிரம் லிட்டர் தண்ணிக்கு ரெண்டு பாட்டில் திராட்சை வினிகர்!

ஃப்ரானே: மூணு பாட்டில். ஆலிவ் எண்ணெய் விடல பாரு, அந்த மட்டுக்கும் எனக்குப் புத்தி இருந்துச்சு.

தோன்கா: முப்பத்தோரு வருசம் கப்பல்ல எஞ்சின் பாத்தவன். மனுசன் ஒருத்தன் உள்ள நுழைய முடியாத குழாய்ல எல்லாம் ஒழுக்க அடைச்சவன். வீட்டுல இருக்கற ஒரு குளத்த அடைக்கத் தெரியல.

ஃப்ரானே: அதான் வம்பே. கப்பல்ல தண்ணி உள்ள வராம பாத்துக்கணும். இங்க தண்ணி வெளிய போகாம பாத்துக்கணும். எல்லாம் தலைகீழ். முப்பத்தோரு வருசம் படிச்சது எல்லாம் தப்புப் பாடமாப் போச்சு.

தோன்கா: பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

ஃப்ரானே: குறையறது தண்ணி மட்டுந்தான்.

தோன்கா: அந்த வாளி சோதனை ஞாபகம் இருக்கா? குளத்துப் படியில வாளி நிறையத் தண்ணி வெச்சு, உள்ளயும் கோடு, வெளியயும் கோடு போட்டோம்.

ஃப்ரானே: நீ போட்ட. நான் வாளியப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கேத்த வேலை.

தோன்கா: மறுநாள் வாளிக்குள்ள அரை விரல் குறைஞ்சிருந்தது. அது வெயில் குடிச்சது. குளத்துல மூணு விரல். மீதி ரெண்டரை விரல யாரு குடிச்சா?

ஃப்ரானே: கடல்காக்கா.

தோன்கா: கடல்காக்கா வாளியில மட்டும் குடிக்காதா?

ஃப்ரானே: பெரிய இடத்துல குடிச்சுப் பழகினது. வாளியெல்லாம் அதுக்குக் கௌரவக் குறைச்சல்.

தோன்கா: தினம் மூணு விரல், ஃப்ரானே! மூணு மாசமா! ஏப்ரலுக்கு அப்புறம் இந்தத் தீவுல ஒரு சொட்டு மழை இல்ல. ஊரே தண்ணியப் பாத்துப் பாத்து செலவு பண்ணுது. நீ தினம் காலையில குழாயத் திறந்து விட்டுட்டு பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்துக்கற.

ஃப்ரானே: காவலுக்கு.

தோன்கா: ஸ்பிளிட் டவுன்ல இருந்து ஆளக் கூப்பிடலாம்னு சொன்னேன். வேண்டாம்ன. பக்கத்து ஊர்ல ஒருத்தன் இருக்கான்னாங்க. அவன் குடிகாரன்ன.

ஃப்ரானே: குடிகாரன்தான்.

தோன்கா: குளத்தையா குடிச்சிடப் போறான்? சரி, அதயும் விடு. ஜூன் மாசம் நாலு கணவாய் மைப்பை வெச்சிருந்தேன். ஞாயித்துக்கிழமை கருஞ்சோறு ஆக்கலாம்னு ஆசை ஆசையா வாங்கினது. தூக்கிட்டுப் போய் குளத்துல ஊத்தின.

ஃப்ரானே: அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஓட்டை எங்க இருக்கோ அந்தப் பக்கம் மை இழுபடும். கண்ணால பாத்துடலாம்.

தோன்கா: பாத்தியா?

ஃப்ரானே: ...இல்ல. எங்கயும் இழுபடல. அங்கயே நின்னு கரைஞ்சுது. சோறும் போச்சு, ஓட்டையும் கிடைக்கல. துறைமுகத்துல விசயம் தெரிஞ்சு ஒரு வாரம் எனக்குக் காப்பிய "கருப்பா, குளம் மாதிரியா"ன்னு கேட்டுத்தான் குடுத்தானுங்க.

தோன்கா: அதுக்குன்னே கடைக்காரன் சாயம் விக்கறான். சின்ன பாட்டில்.

ஃப்ரானே: கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவன் நான் இல்லன்னு நினைச்சேன். அவ்வளவுதான் என் மூளை. விடேன். மத்தியானம் சாப்பிட்டது இன்னும் இறங்கல, அதுக்குள்ள இத்தனை திட்டு.

தோன்கா: எப்படி இறங்கும்? முழுசா ஆறு தக்காளி தின்ன.

ஃப்ரானே: என்ன பண்றது, இந்த வருசம் தக்காளி அப்படி. உப்பு கூட வேண்டாம் போல இருக்கு. சந்தைக்காரி எங்க இருந்து கொண்டு வர்றாளாம்?

தோன்கா: ...ம். எங்கயோ இருந்து.

ஃப்ரானே: அவகிட்டயே வாங்கு. வேற யார்கிட்டயும் வாங்காத.

தோன்கா: பேச்ச மாத்தாத. போய் கோட்டைப் பாரு. இன்னிக்கு எத்தன விரல்?

ஃப்ரானே: பாக்கறேன், பாக்கறேன்... முழங்கால் மடங்கணும் முதல்ல... ஆ... மூணாவது டைல்ஸுக்குக் கீழ... இரு.

தோன்கா: என்ன?

ஃப்ரானே: இரு இரு.

தோன்கா: என்னன்னு சொல்லேன்!

ஃப்ரானே: குறையல.

தோன்கா: அப்படியா?

ஃப்ரானே: காலையில போட்ட கோடு அங்கயே இருக்கு. காலையில ஹோஸ் போட்டப்பவே பாத்தேன், சட்டுன்னு நிறைஞ்சிடுச்சேன்னு... தோன்கா, இது குறையவே இல்ல.

தோன்கா: நல்லதாப் போச்சு. அதுக்கு ஏன் பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?

ஃப்ரானே: நானா? இல்லயே. சந்தோசம். ரொம்ப... சந்தோசம்.

தோன்கா: சந்தோசப்படற மூஞ்சி எனக்குத் தெரியும். நம்ம கல்யாணத்தன்னைக்குப் பாத்திருக்கேன். இது அது இல்ல.

ஃப்ரானே: எப்படி நின்னுச்சு? தானா எப்படி நிக்கும்?

தோன்கா: தானா நிக்கல. நான் அடைச்சேன்.

ஃப்ரானே: ...என்ன பண்ண?

தோன்கா: அடைச்சேன். நேத்து நீ துறைமுகத்துக்குக் காப்பி குடிக்கப் போனப்ப. கொட்டகையில அலமாரிக்குப் பின்னால ஒரு டப்பா இருந்தது. தண்ணிக்கு அடியிலயே இறுகற களிம்பு. ரெண்டு நிறத்துல இருக்கும், சேத்துப் பிசையணும். ரொட்டி மாவு மாதிரி பிசைஞ்சேன். நீச்சல் கண்ணாடிய மாட்டினேன், இறங்கினேன்.

ஃப்ரானே: நீயா? அந்தப் பச்சத் தண்ணியிலயா?

தோன்கா: பின்ன? அறுபத்து மூணு வயசுல கீரைக் குழம்புக்குள்ள முங்கணும்னு என் தலையெழுத்து. ஸ்வெட்டர் பின்னற நூல ஒரு முழம் கையில எடுத்துக்கிட்டேன். சுவர் ஓரமா பிடிச்சுக்கிட்டே போனேன். ஓட்டை இருக்கற இடத்துல நூல் உள்ள இழுக்கும். பத்தே நிமிசம். நீ மூணு மாசமா தேடற ஓட்டைய நான் பத்து நிமிசத்துல பிடிச்சேன். எங்க இருந்தது தெரியுமா?

ஃப்ரானே: விளக்குக்குக் கீழதானே, இடது பக்கமா ஒரு சாண்... அத முழுசா அடைச்சிட்டியா? கொஞ்சம் கூட மிச்சம் வெக்கலயா?

தோன்கா: நான் இன்னும் சொல்லல.

ஃப்ரானே: என்ன சொல்லல?

தோன்கா: எங்க இருந்துச்சுன்னு நான் இன்னும் சொல்லவே இல்ல, ஃப்ரானே.

ஃப்ரானே: ...அது... ஒரு ஊகந்தான். பொதுவா விளக்குக்குக் கீழதான்...

தோன்கா: இடது பக்கமா. ஒரு சாண். அந்தக் களிம்பு டப்பா எப்ப வாங்கினது? அலமாரிக்குப் பின்னால யாரு ஒளிச்சு வெச்சா?

ஃப்ரானே: தோன்கா...

தோன்கா: அப்பவே நினைச்சேன். மூணு மாசமா உன்ன நீயே முட்டாள், கழுதைன்னு அவ்வளவு திட்டிக்கற. நான் திட்டறதுக்கு இடமே குடுக்கல. நீ இப்படிப் பேசினா ஏதோ திருட்டுத்தனம் இருக்குன்னு நாப்பது வருசமா எனக்குத் தெரியும்.

ஃப்ரானே: மணி என்ன?

தோன்கா: மணிக்கு என்ன இப்ப?

ஃப்ரானே: ஆறு ஆச்சா?

தோன்கா: ஆறு அடிக்கப் போகுது. பேச்ச மா...

ஃப்ரானே: ஸ்ஸ்! சும்மா இரு... கேளு... சுவத்துக்கு அந்தப் பக்கம்.

தோன்கா: வாளி. உன் தம்பி தொட்டியில தண்ணி இழுக்கறான். தினம் ஆறு மணிக்கு இழுக்கறதுதான்.

ஃப்ரானே: சத்தத்தக் கேளு. கல்லுல இடிக்குது. தண்ணியில விழற சத்தமே இல்ல... போச்சு. காஞ்சு போச்சு.

தோன்கா: யெர்கோவோட தொட்டி காஞ்சா உனக்கென்ன? ஒம்பது வருசமா நீயும் அவனும் மூஞ்சி குடுத்துப் பேசினது இல்ல. தெருவுல எதிர வந்தா ஒருத்தன் ஆட்டப் பாக்கறான், ஒருத்தன் வானத்தப் பாக்கறான்.

ஃப்ரானே: ஏன் பேசல?

தோன்கா: என்னக் கேக்கறியா? உங்கப்பா நிலத்தப் பிரிச்சப்ப மழைநீர்த் தொட்டிய அவனுக்கு எழுதினாரு. மழையப் பிடிச்சு அந்தத் தொட்டிக்கு அனுப்பற கல்தளத்த உனக்கு எழுதினாரு. ரெண்டு பேரும் ஒத்துமையா இருப்பீங்கன்னு கிழவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நீ தளத்த இடிச்சிட்டு அங்க நீச்சல் குளம் தோண்டின.

ஃப்ரானே: சுற்றுலாக்காரங்க வருவாங்கன்னு...

தோன்கா: அவன் சண்டைக்கு வந்தான். நீ என்ன சொன்ன? "தண்ணி வேணும்னா என்கிட்ட வந்து கேளு, என் நிலத்து வழியா குழாய் விடறேன்"ன. வந்து கேளுன்னு சொன்ன பாரு... அந்த ஒரு வார்த்தை. உன் குழாய்த் தண்ணி என் பொணத்துக்குக் கூட வேண்டாம்னுட்டுப் போனான்.

ஃப்ரானே: அன்னைக்கு என் வாயில கொள்ளி வெச்சிருக்கணும்.

தோன்கா: சரி, அதுக்கும் இந்த ஓட்டைக்கும்... இரு. ...ஃப்ரானே?

ஃப்ரானே: தளத்துக்கு அடியில ஒரு கல்வாய்க்கா உண்டு. மழைத்தண்ணி அது வழியாத்தான் தொட்டிக்குப் போகும். குளம் தோண்டினப்ப அத மண்ணோட மூடிட்டேன்னு நினைச்சேன். மூடல. இந்த வசந்தத்துல சுவர்ல கீறல் விட்டுச்சு. தண்ணிக்கு எவ்வளவு ஞாபகம் பாரு, நேரா பழைய வழியிலயே போயிடுச்சு.

தோன்கா: யெர்கோ தொட்டிக்கா?

ஃப்ரானே: எனக்கும் முதல்ல தெரியாது. மை ஊத்தினேன்ல... பொய் சொன்னேன். விளக்குக்குக் கீழ சர்ருன்னு இழுத்துச்சு. அன்னைக்கே களிம்பு வாங்கிட்டு வந்தேன். மறுநாள் அடைச்சிடலாம்னு டப்பாவோட நிக்கறேன், அந்தப் பக்கம் வாளி சத்தம். அத்திமரத்துக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். வாளியில கருகருன்னு தண்ணி.

தோன்கா: ஐயோ கடவுளே.

ஃப்ரானே: மோந்து பாத்தான். சிலுவை போட்டுக்கிட்டான். பயந்துட்டான்னுதான் நினைக்கறேன்... கொண்டு போய் அவரைச் செடிக்கு ஊத்தினான். திரும்பி வந்து ரெண்டாவது வாளி. மூணாவது. ஒவ்வொரு தடவையும் தொட்டிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பாத்தான். எட்டு வயசுல மழை பெஞ்ச மறுநாள் பாப்பான், தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு... அதே மாதிரி. எனக்கு என்னமோ ஆயிடுச்சு, தோன்கா. டப்பாவ அலமாரிக்குப் பின்னால போட்டுட்டேன்.

தோன்கா: போய் பேசியிருக்கலாமே.

ஃப்ரானே: என்னன்னு? "தம்பி, நான் செஞ்சது தப்பு"ன்னா? பத்து தடவை சுவர் வரைக்கும் போனேன். வாய் வரல. அன்னையில இருந்து என் மன்னிப்பெல்லாம் ஓட்டை வழியா ஒழுகித்தான் போகுது. நேர்ல கேக்கத் துப்பில்லாதவனுக்கு வேற வழி?

தோன்கா: அப்ப இந்த குளோரின்...

ஃப்ரானே: ஆள் தங்கற வாரம் அளவாப் போட்டுடுவேன். அதுல குறை வெக்கல. ஆள் போன நிமிசம் நிறுத்திடுவேன். அவன் செடி கருகிடுமே. பாசி மருந்து வாங்கவே இல்ல, அதுல செம்பு இருக்கு, மண்ணக் கெடுத்துடும். வினிகர் கூட அதுக்குத்தான். கடையில விக்கற அமிலம் தக்காளி வேர்ல போனா என்ன ஆகும்?

தோன்கா: அப்ப நீ முட்டாள் இல்ல.

ஃப்ரானே: முட்டாள்தான். தெரிஞ்சே முட்டாளா இருக்கறதுக்கு எவ்வளவு உழைக்கணும்னு உனக்குத் தெரியாது. ஊரே சிரிக்குது, பொண்டாட்டி திட்டறா, போலந்துக்காரி எழுதறா...

தோன்கா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

ஃப்ரானே: சொல்லியிருந்தா நீ அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருப்ப. அவ அவன்கிட்ட சொல்லியிருப்பா. அவன் அந்த நிமிசமே தொட்டிய சிமெண்டு போட்டு மூடியிருப்பான். என் தண்ணின்னு தெரிஞ்சா தொடுவானா? அவன் திமிரு உனக்குத் தெரியாது. எங்கப்பன் திமிரு, அப்படியே. எனக்கும் அதே.

தோன்கா: ஐயோ... அப்ப அந்தத் தக்காளி...

ஃப்ரானே: எந்தத் தக்காளி?

தோன்கா: ஒண்ணுமில்ல.

ஃப்ரானே: என்ன ஒண்ணுமில்ல? ஏன் வாயப் பொத்திக்கற?

தோன்கா: ஒண்ணுமில்லங்கறேன்ல! நான் போய் அந்தக் களிம்பப் பேத்து எடுக்கறேன். உளி எங்க?

ஃப்ரானே: கல்லா இறுகியிருக்கும். அதுவும் போக, சனிக்கிழமை ஆறு பேரு வர்றாங்கன்னு நீதானே...

தோன்கா: ஆஸ்திரியாக்காரங்க கடல்ல குளிக்கட்டும். தீவுக்கு வந்துட்டு குளம் என்ன கேக்குது?

ஃப்ரானே: அடிப்பாவி. இவ்வளவு நேரம் என்ன அந்த வறு வறுத்த...

தோன்கா: ஃப்ரானே.

ஃப்ரானே: என்ன?

தோன்கா: திரும்பிப் பாக்காத. சுவத்துக்கு மேல ஒரு தலை தெரியுது.

ஃப்ரானே: யாரு தலை?

தோன்கா: அத்திமரத்துப் பக்கம். அந்தப் பழைய தொப்பி.

யெர்கோ: அண்ணே.

ஃப்ரானே: ...என்னையா கூப்பிடறான்?

தோன்கா: பின்ன, என்னையா அண்ணேங்கறான்? பதில் சொல்லு!

யெர்கோ: காது போயிடுச்சா? அண்ணேங்கறேன்.

ஃப்ரானே: கேக்குது... சொல்லு. சொல்லு, யெர்கோ.

யெர்கோ: நேத்துல இருந்து வரல.

ஃப்ரானே: எது... என்ன வரல?

யெர்கோ: தண்ணி.

ஃப்ரானே: எந்தத் தண்ணி? மழை இல்லாத ஊர்ல... எனக்கென்ன தெரியும் உன் தொட்டியப் பத்தி?

யெர்கோ: நடிக்காத, நீ சின்னதுலயே சரியா நடிக்க மாட்ட. ஜூன் மாசம் வாளியில கருப்பா வந்துச்சு, மோந்து பாத்தேன், கணவாய் மை. நீச்சல் குளத்துல கணவாய் மைய ஊத்தற கழுதை இந்தத் தீவுல ஒண்ணுதான் இருக்கு, அது எங்கம்மா பெத்ததுன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. தெரியும்னு சொன்னா நன்றி சொல்லணுமேன்னுதான் வாய மூடிக்கிட்டு, அண்ணி கையில தக்காளியக் குடுத்து சந்தையில வாங்கினதுன்னு சொல்லச் சொன்னேன். ஒரு மாசமா நீ உன் குளத்தத்தான் தின்னுக்கிட்டு இருக்க. வந்து ஓட்டையத் திறந்து விடு, இன்னும் ரெண்டு பாத்தி காயா நிக்குது.